முன் கதவு, யன்னல், பின் கதவு

கச்சான் பிடுங்கத் தொடங்கிய கிழமையில்தான் சிவரூபியின் வீட்டில் அது ஆரம்பித்தது. விசுவமடுவில் சோளகக் காற்று உச்சத்தில் நிற்கும் காலம். விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை காற்று ஒரே பக்கமாக அடிக்கும். செம்மண் புழுதி கொடியில் காயும் உடுப்பிலும் குடத்துத் தண்ணீரிலும் சோற்றிலும் வந்து படியும். அவள் விடியமுன் தோட்டத்துக்குப் போய், வெயில் ஏறுமுன் நிலக்கடலைச் செடிகளைப் பிடுங்கி, மண் உதறிக் குவித்துவிட்டு வருவாள். சமைத்து, மாமனாருக்குச் சாப்பாடு கொடுத்து, தானும் இரண்டு வாய் தின்றுவிட்டுப் பாயில் சரிந்தால் உலகம் தெரியாது. அப்படியொரு நித்திரையிலிருந்துதான் போன் அவளை எழுப்பியது. கட்டாரிலிருந்து புருஷன் நிருஷன்.

"ரூபி, முன் கதவு ஏன் திறந்து கிடக்கு?"

அவள் எழும்பிப் போய்ப் பார்த்தாள். கதவு சாத்தி, கொண்டி போட்டபடி இருந்தது.

"பூட்டித்தான் கிடக்கு."

"இஞ்ச போனில திறந்தது எண்டு காட்டியிருக்கு. பிறகு சென்சர் செத்துப்போச்சு. இப்ப திரும்பி வந்திருக்கு."

"காத்துக்கு ஆடியிருக்கும்."

"காத்துக்கு யன்னலும் திறக்குமோ? பின் கதவும் திறக்குமோ? ஒண்டொண்டாத் திறந்து ஒண்டொண்டாச் செத்திருக்கு. முதல் முன் கதவு. பிறகு ஹோல். பிறகு உன்ர அறை யன்னல். பிறகு குசினி. கடைசியாப் பின் கதவு. அதைத்தான் கேக்கிறன்."

அவன் சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஒழுங்கு அவளுக்கு உறைத்தது. யாரோ முன்வாசலால் உள்ளே வந்து, அவளுடைய அறையைத் தாண்டி, குசினிக்குள்ளால் நடந்து, பின்வளவுக்குப் போன வழி அது.

அந்தச் சென்சர்கள் மாமனார் பரமலிங்கத்துக்காகப் பூட்டியவை. போன மாரியில் ஒருநாள் அவர் சொல்லாமல் எழும்பிப் போய்க் குளத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். தூண்டில் போடப் போன ஆட்கள்தான் பிடித்துக்கொண்டு வந்து விட்டார்கள். கேட்டால் என்னத்துக்குப் போனேன் என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச வருடங்களாகவே ஆட்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. நிருஷன் லீவில் வந்தபோது நெருப்புப்பெட்டி அளவில் வெள்ளைச் சென்சர்கள் கொஞ்சம் கொண்டுவந்தான். கதவு, யன்னல் நிலைகளிலும், ஹோல் சுவரிலும், குசினிச் சுவரிலும், பற்றறி மாற்ற வசதியாகப் பிய்த்தெடுக்கிற ஒட்டுத் துணியால் ஒட்டினான். கதவு திறந்தாலும் ஆள் நடந்தாலும் கட்டாரில் அவனுடைய போன் கத்தும்.

"இதுகள் என்ன?" என்று பரமலிங்கம் அன்றைக்குக் கேட்டார்.

"நீங்கள் வெளியில போனா இதுகள் எனக்குச் சொல்லும் அப்பா."

"கதைக்குமோ?"

"ஓம். சிக்னல் அனுப்பும்."

"உனக்கு மட்டுமோ?"

நிருஷன் சிரித்தான். தகப்பன் சிரிக்கவில்லை.

முதல் சில நாள் அவன் அதைச் சாமானின் பிழையாகத்தான் எடுத்தான். வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்துதான் பார்ப்பான். பார்த்தவுடன் அவளுக்கு எடுப்பான். பற்றறியை மாற்று என்றான், மாற்றினாள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை, சென்சர்கள் எல்லாம் கதைக்கிற அந்தத் தாய்ப்பெட்டியை, அலுமாரிக்கு மேலே ஏற்றச் சொன்னான், ஏற்றினாள். றவுட்டரை நிற்பாட்டிப் போட்டாள். சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊசியால் துளைக்குள் அமத்தி, சின்ன வெளிச்சம் மினுங்குமட்டும் பிடித்து, திரும்ப ஒட்டினாள். பின்னேரம் எல்லாம் நல்லபடி வேலை செய்யும். அடுத்தநாள் மத்தியானம் முன் கதவு, ஹோல், யன்னல், குசினி, பின் கதவு. பிறகு பின் கதவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக உயிர் வரும்.

ஒருநாள் படுக்காமல் பார்ப்போம் என்று ஹோலில் கதிரையைப் போட்டுக்கொண்டு கச்சான் ஆய்ந்தபடி இருந்தாள். எதுவும் நடக்கவில்லை. மற்றநாளும் இருந்தாள். சென்சர்கள் ஒரு குறையும் இல்லாமல் நின்றன. வெள்ளிக்கிழமை நிருஷனுக்கு லீவு. மத்தியானம் முழுக்க அவளோடு கதைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்தநாள் களைப்புத் தாங்காமல் படுத்தாள். எல்லாம் செத்தன.

அன்றைக்கு அவனுடைய குரல் வேறாக இருந்தது.

"நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. அந்த நேரத்தில நீ என்ன செய்யிறனீ?"

"படுக்கிறனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"இருட்டோட எழும்பிக் கச்சான் பிடுங்கிற ஆள் மத்தியானம் வேற என்ன செய்யும்?"

"நீ முழிச்சிருந்தா ஒழுங்கா வேலை செய்யுது."

"ஓம்."

"என்னோட கதைச்சுக்கொண்டிருந்தாலும் வேலை செய்யுது. நீ படுக்கிறன் எண்டு சொல்லுற அண்டைக்கு மட்டும்தான் சாகுது."

அவன் நின்ற இடத்தில் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"ஆர் வாறது ரூபி?"

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். கழுவி வைத்திருந்த கோப்பைகளை எடுத்து இன்னொருதரம் கழுவினாள். அவர்கள் கலியாணம் கட்டி நாலு வருடம். அதில் அவன் அவளோடு இருந்தது சேர்த்துப் பார்த்தால் ஆறேழு மாதம் வரும். மல்லாவியில் இருக்கிற தாய்க்குச் சொல்லலாமா என்று யோசித்தாள். எப்படிச் சொல்வது? வீட்டுக்குள் ஒன்று நடமாடுகிறது, அதை என்னுடைய புருஷன் ஆம்பிளை என்று நினைக்கிறார் என்றா?

அந்தப் பின்னேரம் பக்கத்து வளவு வடிவம்மா கச்சான் ஆய வந்தாள். சாக்கை விரித்துக் குந்திக் கொஞ்ச நேரம் காய்களைப் பிய்த்துப் போட்டவள், பிறகு கையை நிறுத்தினாள்.

"பிள்ளை, உன்னட்டைச் சொல்லப்படாது எண்டுதான் இருந்தனான். நீ தனியக் கிடக்கிறனீ."

"என்னக்கா?"

"இண்டைக்கு உச்சி வெயிலுக்க உங்கட பின்வளவில ஒரு உருவத்தைக் கண்டனான். வாழைக்குள்ளால போச்சுது. குனிஞ்ச உருவம். தலையில வெள்ளைத் துணி. நெஞ்சோட எதையோ அணைச்சுக்கொண்டு, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போறமாதிரிப் போச்சுது."

"மாமாவோ தெரியாது."

"அந்த மனிசன் தடியில்லாமல் கக்கூசுக்கே போகாதே. இது தடியில்லாமல் போச்சுது. சத்தமே இல்லை." வடிவம்மா குரலைத் தணித்தாள். "உன்ர மாமி செத்த இடத்தில சடங்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே? அப்பிடியே விட்டிட்டு வந்தவையள். ஒருக்கா ஐயரைக் கூப்பிட்டுக் காட்டு பிள்ளை."

நிருஷனின் தாயைச் சிவரூபி படத்தில்தான் கண்டிருக்கிறாள். ஹோலில் கண்ணாடிச் சட்டத்துக்குள், நீலச் சேலையோடு இருந்தார். அன்றிலிருந்து அந்தப் படத்தின் பக்கம் பார்க்காமலே ஹோலைக் கடந்தாள்.

அடுத்தநாள் நித்திரையால் எழும்பியபோது யன்னல் நிலையைப் பார்த்தாள். சென்சர் தலைகீழாக ஒட்டியிருந்தது. வெளிச்சம் மினுங்குகிற புள்ளி எப்போதும் மேலே இருக்கும், இப்போது கீழே இருந்தது. அது அவளுடைய தலைமாட்டிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. வெகுநேரம் பாயிலேயே இருந்தாள். நிருஷனுக்குச் சொல்லவில்லை. சொன்னால், நீதான் கழற்றி மாறி ஒட்டினாய் என்பான்.

நிருஷன் தன்னுடைய சிநேகிதனை அனுப்பினான். நிரஞ்சன், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன், கிளிநொச்சியில் கமரா பூட்டுகிற கடை வைத்திருந்தான். மோட்டச்சைக்கிளில் புழுதி மூடிய முகத்தோடு வந்து இறங்கினான். வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து பூட்டி, போனில் பார்த்தான். எல்லாம் உடனுக்குடன் காட்டியது. ஏணி வைத்துக் கூரைத் தகரத்தைப் பார்த்தான். தாய்ப்பெட்டியை இடம் மாற்றினான்.

"சாமானில ஒரு பிழையும் இல்லை தங்கச்சி. சிக்னல் நல்லா நிக்குது."

அவள் சோறும் குளத்து மீன் குழம்பும் பூசணிக்காய்க் கறியும் போட்டாள். பரமலிங்கமும் தடியை ஊன்றிக் காலை இழுத்துக்கொண்டு வந்து மேசையில் இருந்தார். கை நடுங்கிச் சோறு மடியில் சிந்தியது.

"ஐயா, என்னைத் தெரியுதோ? நிருஷனோட படிச்சனான். நிரஞ்சன்."

கிழவர் அவனை வடிவாகப் பார்த்தார்.

"தண்ணி கிடைச்சதோ?" என்றார்.

"என்ன ஐயா?"

"வரிசை நீளமோ?"

நிரஞ்சன் அவளைப் பார்த்தான். "மாமா இப்பிடித்தான், அங்கயும் இஞ்சயுமாக் கதைப்பார்" என்று அவள் மெல்லச் சொன்னாள்.

சாப்பிட்டு, கிழவரைக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு, நிரஞ்சன் வாசலில் நின்று தலைக்கவசத்தைக் கையில் உருட்டினான்.

"தங்கச்சி, மறைக்கக்கூடாது. அவன் என்னை இதைத் திருத்த மட்டும் அனுப்பேல்லை."

"தெரியும் அண்ணை."

"எனக்கு விருப்பமில்லை. ஆனா அவன் அங்க விசரன் மாதிரி நிக்கிறான். இண்டைக்கு வயித்துக்குத்து எண்டு வேலைக்கும் போகேல்லை. போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறான்."

"அப்ப நீங்களும் பாருங்கோ. நல்லாப் பாருங்கோ. போறமாதிரிப் போய் வடிவம்மாக்கா வீட்டு முத்தத்தில நில்லுங்கோ. அங்கயிருந்து எங்கட முன்வாசல் தெரியும். நான் அறைக்க போய்ப் படுக்கிறன். ஆர் வருகினம் எண்டு கண்ணால கண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

"தனியப் பயமில்லையோ?"

"பயம்தான். அதுக்கு என்ன செய்யிறது?"

மோட்டச்சைக்கிள் படலையைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. அவள் முன் கதவைக் கொண்டி போட்டுவிட்டு வந்து, பாயில் யன்னல் பக்கமாகத் தலை வைத்துக் கண்ணை மூடினாள். வெளியே காற்று மாட்டுக்கொட்டில் தகரத்தை விட்டுவிட்டு அடித்தது. கோழி ஒன்று கேறிவிட்டு ஓய்ந்தது. நித்திரை கொள்ளுகிறவள் மாதிரி மூச்சை நீட்டி விட்டாள். பொய்யாக விடுகிற மூச்சு தன்னுடைய காதுக்கே பொய்யாகக் கேட்டது.

முதலில் முன்வாசல் பக்கம் ஒரு சத்தம். துணி கிழிகிற மாதிரி, சின்னதாக. ஒட்டுத் துணி பிரிகிற சத்தம் அது. பிறகு ஹோலில் இன்னொன்று. அதற்குப் பிறகு வெறுங்கால்கள் சீமெந்து நிலத்தில் வருவது கேட்டது. தடி ஊன்றும் சத்தம் இல்லை. கால் இழுபடவும் இல்லை. பாரமில்லாத, நிதானமான நடை. அறை வாசலில் நின்றது.

கண்ணைத் திறக்கவேண்டும் என்று நினைத்தாள். இமை அசையவில்லை. கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போலக் கிடந்தன. நடை உள்ளே வந்தது. வேர்வையும் விபூதியும் கலந்த மணம். அவளுடைய தலைக்கு மேலே ஒரு கை நீளுவது காற்றில் தெரிந்தது. சர்ர் என்று யன்னலில் ஒட்டுப் பிரிந்தது. தகரத்தில் எதுவோ வைக்கப்படுகிற கிணுக்கென்ற ஓசை. பிறகு அவளுடைய காலில் விலகிக் கிடந்த போர்வையை யாரோ இழுத்து மூடினார்கள்.

"படு, படு" என்றது குரல். ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத, மூச்சால் மட்டும் பேசிய குரல்.

நடை குசினிப் பக்கம் போய் மறைந்தபிறகும் அவள் அசையவில்லை. நிரஞ்சன் முன்வாசலைத் தட்டிக் கூப்பிட்டபோதுதான் உடம்பு அவளிடம் திரும்பி வந்தது. போய்க் கொண்டியை எடுத்தாள். அவன் கையில் போன் இருந்தது.

"ஒருத்தரும் வரேல்லை தங்கச்சி. நான் கண் வெட்டாமல் பாத்தனான். ஆனா எல்லாம் செத்திட்டுது."

முன் கதவு நிலையில் சென்சர் இல்லை. ஒட்டுத் துணியின் சதுரத் தழும்பு மட்டும் இருந்தது. ஹோல் சுவரிலும் அப்படியே. பரமலிங்கத்தின் கட்டில் வெறுமையாக இருந்தது. அவருடைய தடி சுவரில் சாய்த்தபடி நின்றது. பின் கதவு திறந்து கிடந்தது.

அவர் பின்வளவில், தண்ணீர் ராங்கியைத் தாங்கிய சீமெந்துத் தூண்களுக்கு நடுவில் குந்தியிருந்தார். தலையில் வெள்ளைத் துவாயைப் போர்த்தியிருந்தார். ஒரு பெரிய பிஸ்கற் தகரப் பேணியை நெஞ்சோடு அணைத்து, மூடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு, தூண் இடுக்கால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை.

"மாமா" என்றாள் சிவரூபி.

"சத்தம் போடாதை. உள்ளுக்கு வா. வண்டு நிக்குது."

நிரஞ்சன் நின்ற இடத்திலேயே நின்றான். அந்தச் சொல்லுக்கு அவனுக்கு விளக்கம் தேவையில்லை. சண்டைக் காலத்தில் ஆளில்லாத வேவு விமானத்தை வன்னியில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அது மேலே சுற்றிவிட்டுப் போனால் கொஞ்ச நேரத்தில் செல் வந்து விழுந்து வெடிக்கும்.

"இப்ப வண்டு இல்லை ஐயா. அதெல்லாம் முடிஞ்சு எவ்வளவு காலம்."

"உனக்குக் கேக்காது. இதுகள் கதைச்சுக்கொண்டு கிடக்குதுகள்." பேணியைத் தட்டிக் காட்டினார். "பொடியன் சொன்னவன், சிக்னல் எண்டு. சிக்னல் போனா ஆமிக்காரன் பிடிச்சிடுவான். மூடினாக் கதைக்காதுகள். வண்டு போனவுடன திரும்ப ஒட்டிவிடுவன். பொடியன் ஏசுவான்."

சிவரூபி அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். "நான் முழிச்சிருந்த நேரம் ஏன் கழட்டேல்லை மாமா?"

அவர் அவளை, இது தெரியாதா என்பதுபோலப் பார்த்தார்.

"முழிச்சிருந்தா ஓடுவாய்தானே. படுத்திருந்தா எப்பிடி ஓடுவாய்?"

நிரஞ்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், நிறுத்தித் தலையை நிமிர்த்தினான்.

"தங்கச்சி, உங்களுக்கு ஏதும் கேக்குதோ?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். காற்றுக்குள்ளே, காற்றுக்கு அப்பால், தையல் மெசின் தூரத்தில் ஓடுவதுபோல மெல்லிய இரைச்சல். சண்டைக் காலத்தில், பதினேழு வயதில், தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்து கேட்ட இரைச்சல். வானம் வெறும் நீலமாக இருந்தது.

"ஆரோ மோட்டர் போட்டு இறைக்கினம் போல" என்றான் அவன்.

"அந்தப் பக்கம் தோட்டமில்லை அண்ணை. காடுதான்."

அவனும் மெல்ல ராங்கிக்குக் கீழே வந்து குந்தினான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று பிறகு இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. கிழவர் "போயிட்டுது" என்று எழும்பியபோதுதான் அவர்களும் எழும்பினார்கள். நிருஷனின் போன் அழைப்புகள் நிரஞ்சனின் பொக்கற்றில் அதிர்ந்து அதிர்ந்து நின்றிருந்தன.

நிரஞ்சன் படலைக்கு வெளியே போய் நின்று கதைத்தான். அவன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. போகும்போது, "தங்கச்சி, நான் வந்தது பிழை" என்று மட்டும் சொன்னான்.

நிருஷன் அன்றைக்குப் பொழுதுபடுகிற நேரத்தில் எடுத்தான்.

"அம்மா காய்ச்சலோட படுத்திருந்தவ" என்று தொடங்கினான். "இரணைப்பாலையில, கடைசிச் சண்டை நேரம். நானும் அப்பாவும் தண்ணிக்கு வரிசையில நிக்கப் போனனாங்கள். பக்கத்துத் தறப்பாளில ஒருத்தர் வோக்கிடோக்கியில கதைச்சுக்கொண்டிருந்தவர். வண்டு சுத்தினது. அப்பா பாத்தவர். அம்மாவை எழுப்புவமோ எண்டு நான் கேட்டனான். படுக்கட்டும், இப்பதான் கண்ணயர்ந்தவ எண்டு அப்பா சொன்னவர். நாங்கள் தண்ணியோட வரேக்க தறப்பாள் இல்லை."

அவள் அழுதாள். அவனும் அழுதான் என்பது தெரிந்தது.

"உன்னட்டை அப்பிடிக் கேட்டது பிழை ரூபி. நிரஞ்சனிட்டைச் சொல்லுறன், ஆணி வைச்சு இறுக்கிவிடட்டும். அப்பாவால கழட்ட ஏலாது. ஹோலுக்கு ஒரு கமராவும்..."

"வேண்டாம்."

"அப்பா திரும்பக் குளத்துக்குப் போனா?"

"நான் இருக்கிறன்தானே. நீங்கள் இதுகளை மாமாவுக்காண்டி எண்டு சொல்லித்தான் பூட்டினீங்கள். பிறகு ஆரைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?"

அவன் பதில் தேடட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அடுத்தநாள் கிளிநொச்சிக்குப் போகிற பஸ்சில், தெரிந்த ஆளிடம் சென்சர்களையும் தாய்ப்பெட்டியையும் கொடுத்து நிரஞ்சனின் கடைக்கு அனுப்பிவிட்டாள். நிலைகளில் ஒட்டுத் துணியின் தழும்புகள் கிடந்தன. அவற்றைச் சுரண்டி எடுக்க நேரம் கிடைக்கவில்லை. கச்சான் இன்னும் பாதி நிலத்துக்குள் இருந்தது.

அந்தக் கிழமை முடிவில், பிடுங்கின கச்சானை வெயிலில் பரப்பிவிட்டு வந்து படுத்தாள். நித்திரை பாதி வந்தபோது நடை கேட்டது. இந்தமுறை பயம் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். பரமலிங்கம் தலையில் துவாயோடு யன்னல் நிலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒருதரம் மேலே தடவினார், ஒருதரம் கீழே. பேணி கக்கத்தில் இருந்தது. கழற்ற ஒன்றும் இல்லாததால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகம் சின்னப்பிள்ளையுடையது போலக் கலங்கியது. பிறகு குனிந்து அவளுடைய காலைத் தொட்டார்.

"பிள்ளை, எழும்பு. போவம்."

அவள் எழும்பினாள். அவர் முன்னே போக, குசினிக்குள்ளால் நடந்து, பின் கதவால் இறங்கி, வாழைகளைத் தாண்டி ராங்கிக்குக் கீழே போய்க் குந்தினார்கள். சீமெந்து குளிர்ந்திருந்தது. அவள் கையில் போன் இருந்தது, பழக்கத்தில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அது அடித்தது. கிழவர் நெருப்புப் பட்டவர்போலத் தூணோடு ஒடுங்கினார்.

"ரூபி, எங்க நிக்கிறாய்? காத்துச் சத்தமாக் கிடக்கு."

"இப்ப கதைக்கேலாது."

"ஏன்? ஆர் பக்கத்தில?"

அவள் தூண் இடுக்கால் மேலே பார்த்தாள். ஒன்றுமில்லை. காதுக்குள் மட்டும் அந்த மெல்லிய இரைச்சல், காட்டுப் பக்கமிருந்து, நெருங்குவதும் விலகுவதுமாக இருந்தது.

"வண்டு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனை நிற்பாட்டினாள்.

கிழவர் பேணியின் மூடியைத் திறந்து நீட்டினார். போனை அதற்குள் வைத்தாள். அவர் மூடியை அமத்திப் பூட்டிவிட்டு, மற்றக் கையை அவளுடைய தலையில் வைத்து மெல்லக் கீழே அழுத்தினார். அவள் குனிந்தாள்.